ஸ்கேல் வைத்து இழுத்த கோடு

அந்த மண்டபத்தின் மேடை வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது சரிந்து விழுவதற்கு இரண்டு வருடம் முன்பே நான் அதை அப்படியேதான் வரைந்திருந்தேன். பிறகு நேராக வரையக் கற்றுக்கொண்டேன். இந்த விவகாரத்தில் என் பங்கு அவ்வளவுதான் என்று பல நாள் எனக்கே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பகலில் நான் கட்டட வரைபடக்காரன். காரைக்காலில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வீட்டுக்கு பிளான் போடுகிற வேலை. கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒப்புதலுக்குப் போகிற தாளில் ஒரு கோடு இம்மி விலகினாலும் பக்கத்து மனைக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். அந்த எரிச்சலைத் தீர்த்துக்கொள்ளத்தான் விடுமுறை நாட்களில் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஊரை வரையக் கிளம்பினேன். முதலில் போனது காரைக்கால்மேட்டு மீன் ஏலத்துக்கு. அங்கே யாரும் ஒரு நொடி நிற்பதில்லை. ஒரு அம்மாவின் முகத்தை வரைய ஆரம்பித்தால் முடிக்கும்போது அந்த இடத்தில் ஒரு கூடை இருக்கும். "வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லன்னா வழிய விடுங்க" என்று இரண்டு தடவை திட்டு வாங்கினேன்.

மனிதர்கள் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் இடம் எது என்று யோசித்தேன். விருது விழா.

எங்கள் ஊரில் விருதுக்குப் பஞ்சமே கிடையாது. சிறந்த ஆசிரியர், சிறந்த ஓட்டுநர், சிறந்த குடும்பத் தலைவி, சேவைச் செம்மல், சேவைச் சுடர். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் ஏதாவது ஒரு சங்கம் யாருக்காவது கேடயம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பந்தியிலிருந்து பிரியாணி வாசனை வந்ததும் கூட்டம் நெளியும். அதுவரை எல்லோரும் வெற்றுப் பார்வையோடு மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வரைகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு வழக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். இந்த விழாக்களில் பொன்னாடை போர்த்துகிறவருக்கும் ஒருவர் பொன்னாடை போர்த்த வேண்டும். அவருக்கு இன்னொருவர். ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அடுத்த நாள் உறவு முறிந்துவிடும். மேடை ஏறியவர் யாரும் கீழே இறங்குவதில்லை. இறங்கினால் மரியாதைக் குறைவு. விருது வாங்குகிறவர் தன் குடும்பத்தையும் படத்துக்கு ஏற்றுவார். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் கீழே இருப்பதைவிட மேலேதான் கூட்டம் அதிகம். நான் முதலில் சொன்ன மண்டபத்தின் சிமென்ட் மேடை சிறியது. அதனால் பந்தல்காரர் அதன் முன்னால் இரும்புக் கால்களை நிறுத்தி, பலகை போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்து மேடையை நீட்டிவிடுவார்.

என்னை முதலில் கவனித்தவர் அங்கே வழக்கமாக விழா நடத்துகிற ஒரு சங்கத்தின் செயலாளர். தும்பைப் பூ வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் மடித்த பட்டியல், வாய் நிறையச் சிரிப்பு. "ஓவியரே, நீங்க சும்மா வரைஞ்சு எடுத்துட்டுப் போறதுக்கு, அதை ஃப்ரேம் போட்டு நினைவுப் பரிசா குடுத்துடலாமே" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதல் படம் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்குப் போனது. அவர் அதை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்து, முகம் சுளித்தார். "என்னங்க இது, மேடை சரியற மாதிரி இருக்கு. வீட்ல மாட்டுனா அபசகுனமா தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செயலாளர் என் தோளைத் தட்டி, "அடுத்த தடவ நேரா போடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன். அந்த மண்டபத்தில் வரைந்த நான்கு படங்களிலும் மேடையின் அடிக்கோடு வலது பக்கம் இறங்கியிருந்தது. மற்ற மண்டபங்களில் அப்படி இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் உட்காருகிற மூலை சரியில்லை, அதனால் கை கோணுகிறது என்று நினைத்தேன். அடுத்த விழாவுக்கு அலுவலகத்து ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆட்களைக் கையால் வரைந்துவிட்டு, அடிக்கோட்டை மட்டும் கடைசியில் ஸ்கேல் வைத்து இழுப்பது என் பழக்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அப்புறம் என் அக்காவின் பெயர் பட்டியலில் வந்தது.

அக்கா சுரக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் நெல் விவசாயம். அவள் அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தாள். ஊரில் பாதி இளவட்டங்களுக்கு முதன்முதலில் மூக்கைத் துடைத்துவிட்டது அவள்தான். ஆனால் அவளை ஒரு மேடைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. நான்தான் செயலாளரிடம் சொன்னேன். "உங்களுக்கு இல்லாததா" என்று அவர் உடனே பட்டியலை எடுத்து எழுதிக்கொண்டார். அவள் தகுதியானவள்தான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் பெயர் ஏறியது என்னால் என்பது அவளுக்கு இன்றும் தெரியாது.

அவள் அதை ஒரு கல்யாணம் மாதிரி கொண்டாடினாள். அரக்குப் பட்டுப்புடவையை மூன்று நாள் முன்பே இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். தெருவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. வேன் பேசியாகிவிட்டது.

விழா அன்று ஞாயிறு. முந்தின நாள் முழுக்க மழை. காலை எட்டரைக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். காலி மண்டபத்தை முதலில் வரைந்துவிட்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராக அதில் உட்காரவைப்பது என் வழக்கம். சாரல் அடித்துத் தரை ஈரமாக இருந்தது. கம்பளத்தில் ஈரத் துணி நாற்றம். பேனாவைக் கை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி மேடையின் விளிம்பை அளந்தேன். இறங்கியிருந்தது. இந்தத் தடவை அதிகமாக.

பையில் கையை விட்டு ஸ்கேலைத் தேடினேன். அப்போதுதான் நீட்டிப் போட்ட மேடைமேல் இருந்த மேசையில் விருந்தினருக்காக வரிசையாக வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தேன். பாட்டில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஒரு பக்கம் ஏறியிருந்தது. என் கை கோணலாம், கண் கோணலாம். தண்ணீர் கோணாது.

எழுந்து போய்க் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வலது ஓரத்து இரும்புக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு செங்கல், அதன் மேல் ஒரு மரத்துண்டு, அதன் மேல் நின்றது. செங்கல் நனைந்து கறுத்திருந்தது.

பந்தல்காரர் டீ குடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பக்கம் தரைக்கு வாட்டம் குடுத்திருக்காங்க சார், கழுவி விட்டா தண்ணி ஓடணுமில்ல. எப்பவும் செங்கல்தான் குடுக்கறது. எத்தன வருஷமா நிக்கிது" என்றார்.

செயலாளர் வந்ததும் அவரிடமும் போய்ச் சொன்னேன். "மேடை வலது பக்கம் சாஞ்சிருக்குங்க. கீழ செங்கல் முட்டுக் குடுத்திருக்காங்க. வேற ஏதாவது பண்ணலாமா?"

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அதற்குள் இரண்டு பேர் அவரிடம் தங்கள் பெயர் பட்டியலில் எத்தனையாவது என்று கேட்க வந்துவிட்டார்கள். "நேராத்தானேங்க இருக்கு. பிளான் போட்டுப் போட்டு உங்க கண்ணு கோணிப்போச்சு, ஓவியரே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இன்னிக்கி உங்க அக்கா ஃபங்ஷன். சந்தோஷமா இருங்க" என்றார்.

நான் அந்த இடத்தில் நின்று வாதாடியிருக்கலாம். பாட்டிலைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாம். விழா நின்றுபோனால் அக்காவின் முகம் என்னவாகும் என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்டு வாங்கிய இடத்தில் குறை சொன்னால் நன்றாக இருக்குமா என்றும் நினைத்தேன். "இருக்கும்ங்க. என் கண்ணுதான் போல" என்று சொல்லிவிட்டு என் மூலைக்குத் திரும்பினேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது.

பத்து மணிக்கு வேன் வந்தது. இருபது பேர் இறங்கினார்கள். அக்கா புதுப் பெண் மாதிரி வெட்கத்தோடு வந்தாள். பின்னாலேயே அவள் மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். தாயின் கொசுவத்தைக் குனிந்து சரி செய்துவிட்டுப் போனாள். நான் அக்காவைத் தனியே அழைத்தேன்.

"மேல ஏறுனா இடது பக்கமாவே நின்னுக்க, அக்கா."

"ஏன்டா?"

உண்மையைச் சொல்ல அந்த ஒரு நொடி இருந்தது. "அங்க நின்னா படம் நல்லா வரும்" என்றேன்.

"சரிடா. மூக்க மட்டும் பெருசா போட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட மேடை நிறைந்தது. ஆள் ஏறும்போதெல்லாம் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கத் தலைவர் எழுந்து நின்றபோது ஒன்று சாய்ந்து விழுந்து, மெல்ல உருண்டு மேசை விளிம்பில் வந்து நின்றது. யாரோ கையை நீட்டி அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார்கள். அது மறுபடி உருண்டது. இந்தத் தடவை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு மைக்கைப் பார்த்தார்கள்.

அக்காவின் பெயரை வாசித்தார்கள். அவள் போய் நான் சொன்னபடியே இடது பக்கம் நின்றாள். பொன்னாடை போர்த்தும்போது என் மூலையைத் தேடி, சரியாக நிற்கிறேனா என்று கண்ணால் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவளை வரைந்தேன். மூக்கைச் சிறியதாகவே போட்டேன். நல்ல படம் அது. அந்த ஒரு நிமிடம் எனக்குப் பயம்கூட மறந்துவிட்டது.

"ஃபேமிலி எல்லாரும் மேல வாங்க" என்றார் புகைப்படக்காரர். சுரக்குடி இருபது பேரும் ஏறினார்கள். ஏற்கெனவே மேலே பதினைந்து பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். விழா முடிந்ததும் படத்தைத் தலைவர் கையில் கொடுக்க வேண்டும் என்று செயலாளர் மேடையிலிருந்து எனக்குச் சைகை காட்டினார். நான் ஸ்கேலை எடுத்தேன்.

"அந்தப் பாப்பா ஃப்ரேம்ல வரலீங்க" என்றார் புகைப்படக்காரர். வலது ஓரத்தில், விளிம்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், அக்காவின் மகள் நின்றிருந்தாள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளைக் கைபிடித்து அழைத்து வரப் போனாள். போவதை நான் பார்த்தேன். என் வாய் திறக்கவில்லை. கை மட்டும் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தது, இடமிருந்து வலமாக, நேராக.

லாரியிலிருந்து நெல் மூட்டை விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு மைக் கீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது மேடையின் வலது பாதியில் யாருமே நிற்கவில்லை.

மகளுக்குச் சிராய்ப்போடு போனது. செயலாளருக்கு முழங்கையில் தோல் உரிந்தது. அக்காவின் வலது கால் பலகைக்கும் இரும்புக்கும் நடுவில் சிக்கி, கணுக்காலுக்கு மேலே இரண்டாக முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். இனி தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது என்றார் மருத்துவர். தரையில் உட்காராமல் அங்கன்வாடியில் என்ன வேலை பார்ப்பது?

பந்தல்காரர் சாயங்காலத்துக்குள் பலகை, இரும்பு, செங்கல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிக்கை வந்தது. விருது பெற்றவரின் குடும்பத்தினர் கட்டுப்பாடில்லாமல் மேடையேறியதால் அசம்பாவிதம் நேர்ந்தது என்று வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அது சுரக்குடிக்கு வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விருது வாங்கப் போய் மேடையை உடைத்துவிட்டு வந்தவர்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. அத்தான் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

"கால் முறிஞ்சது எனக்கு. நான்தான் ஒடச்சேன்னு சொல்றாங்க" என்று அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழுதாள். வலிக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. "மேடைல கோளாறுன்னு அவங்க வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இருபது நாள் கழித்து, மாவுக்கட்டோடு அவளை ஆட்டோவில் ஏற்றிச் சங்க அலுவலகத்துக்குப் போனோம். ஒற்றை அறை. சுவரெல்லாம் கேடயம். செயலாளர் பிளாஸ்டிக் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு, அவள் காலை வைக்க ஸ்டூலும் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். தன்னைப் பற்றி அவரும் அதைத்தான் நம்பினார்.

"மேடைல ஒரு குறையும் இல்லம்மா. கூட்டம்தான் தாங்கல."

"மேடை மொதல்லேர்ந்தே சரியில்லன்னு சொல்றாங்களே" என்றார் அத்தான்.

"யார் சொல்றா? ஃபோட்டோ எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுலயும் தெரியல."

அது உண்மைதான். நூற்றுக்கணக்கில் படம் இருந்தது; எல்லாம் முகம். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் படம் எடுப்பதில்லை.

செயலாளர் பீரோவைத் திறந்து செய்தித்தாள் சுற்றிய ஒன்றை எடுத்தார். பிரிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று களேபரத்தில் தொலைந்துபோனது என்று நான் நினைத்திருந்த படம். அவர் தரையிலிருந்து எடுத்துப் பத்திரமாக ஃப்ரேம் போட்டு வைத்திருந்தார்.

"இதுல முழு மேடையும் இருக்கு, பாருங்க. விழறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வரைஞ்சது. ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கு. வரைஞ்சது வேற யாரும் இல்ல, உங்க தம்பிதான்."

படத்தை அக்காவின் மடியில் வைத்தார். அவள் அதில் தன்னைத் தேடினாள். இடது பக்கம், பொன்னாடையோடு, சின்ன மூக்கோடு நின்றிருந்தாள். விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள்.

சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் அவள் கேட்டது கிடைக்கும். ஆனால் அதே வாக்கியத்தில் இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அது நெசக் கோடு இல்லைங்க" என்றேன். "ஸ்கேல் வச்சுத்தான் இழுத்தேன். மேடை சாஞ்சிருந்தது. காலையிலயே பாத்தேன். செங்கலையும் பாத்தேன். உங்ககிட்ட சொன்னேன்."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. "சொன்னீங்க" என்று ஒப்புக்கொண்டார். "அப்பறம் ‘என் கண்ணுதான் போல’ன்னும் சொன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். செயலாளர் தன் கைபேசியை எடுத்து, மேடையின் அமைப்பில் குறை இருந்தது, குடும்பத்தினர் மீது தவறில்லை என்று நாங்கள் பார்க்க இரண்டு வரி எழுதி, குழுவில் போட்டார். அக்கா வேண்டும் என்று கேட்டது அவ்வளவுதான். கிடைத்துவிட்டது.

திரும்பும்போது அத்தான் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் அக்காவும் பின்னால். அவள் கால் என் மடிமேல் இருந்தது. திருநள்ளாறு தாண்டும் வரை அவள் வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் தளும்ப நின்றது.

"அப்ப இடது பக்கம் நில்லுன்னு சொன்னது படத்துக்காக இல்ல."

"இல்லக்கா."

"ம்" என்றாள். கோபம் இருக்கும் என்று பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

சுரக்குடி வாய்க்கால் மதகில் ஆட்டோ ஏறி இறங்கியது. கால் குலுங்கியதில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வலி அடங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"எம் பொண்ண எந்தப் பக்கம் நிக்கச் சொன்ன?"

நான் அவள் மகளிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.